ஐ.டி. ஊழியர்களை வைத்து பிஎச்.டி. ஆய்வு: அனுமதி, தரவு, செலவு, காலக்கெடு – முதல்முறை இறங்குபவர்களுக்கு

"அவுட்சோர்சிங் நிறுவன ஊழியர்களின் திறன்களும் புதிய தொழில்நுட்பத்தை அவர்கள் ஏற்றுக்கொள்ளும் விதமும்" என்கிற மாதிரி ஒரு தலைப்பை எழுதிக் கொடுத்துவிட்டு, இனி என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேலாண்மைத் துறையிலோ கணினித் துறையிலோ பகுதிநேர பிஎச்.டி.யில் சேர்ந்த பலர் இந்தத் தலைப்பைச் சுற்றித்தான் வருகிறார்கள். சென்னையில் ஐ.டி. ஊழியர்களுக்கா பஞ்சம், தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் பஸ்ஸுக்கு நிற்பவர்களைக் கேட்டாலே போதுமே என்று தோன்றும். ஆள் கிடைப்பார்கள். அனுமதி கிடைப்பதுதான் பாடு. என் ஆய்வில் புள்ளியியலுக்குப் போன நேரத்தைவிட, ஒரு நிறுவனத்தின் பதில் மடலுக்காகக் காத்திருந்த நேரம் அதிகம். அதனால் இங்கே கோட்பாடு குறைவாகவும் காகிதம், காசு, காலக்கெடு அதிகமாகவும் இருக்கும்.

1. சேரும்போதே வாங்கி வைக்க வேண்டியவை

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைப்படி ஆய்வுக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. கோர்ஸ் ஒர்க் எனப்படும் வகுப்புப் பாடங்களும் அதற்குள் அடக்கம். அதில் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். ஆய்வு அறம் (எதிக்ஸ்) பற்றிய பாடம் அதில் கட்டாயம். பல்கலைக்கழகம் மறுபதிவு மூலம் மேலும் 2 ஆண்டு வரை தரலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு நீட்டிப்பு உண்டு. பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு.

வேலையில் இருந்துகொண்டே சேர்பவர்களிடம் கேட்கப்படும் முக்கியக் காகிதம் என்.ஓ.சி. எனப்படும் தடையின்மைச் சான்று. அதில் மூன்று விஷயம் எழுதியிருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க வேலை இடம் கொடுக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் முடிக்க விடுவிக்கப்படுவார். ஹெச்.ஆரிடம் வெறுமனே "என்.ஓ.சி. வேண்டும்" என்று கேட்டால், "இவர் எங்கள் ஊழியர்" என்று இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்து சேரும். பல்கலைக்கழகம் அதைத் திருப்பி அனுப்பும். வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து, "இந்த வடிவில் லெட்டர்ஹெட்டில் கொடுங்கள்" என்று அனுப்பிவிடுங்கள். நடுவில் வேலை மாறினால் புதிய இடத்திலும் இதையே வாங்கச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ராஜினாமா செய்யும் முன் இதையும் கணக்கில் வையுங்கள்.

2. தலைப்பைப் பூட்டும் முன் தரவு எங்கே என்று பாருங்கள்

வழக்கமாக முதலில் தலைப்பு, பிறகு மாடல், பிறகு கேள்வித்தாள், கடைசியில்தான் "யாரிடம் கேட்பது?" என்ற யோசனை வருகிறது. இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். உங்களால் உண்மையிலேயே எட்டக்கூடிய தரவு எது என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று வழிதான் இருக்கிறது: நிறுவனத்தின் அனுமதியோடு உள்ளே போய்க் கேட்பது, நிறுவனத்தைத் தொடாமல் தனிநபர்களாக ஊழியர்களைக் கேட்பது, யாரையும் கேட்காமல் பொதுவெளியில் இருக்கும் தரவை எடுப்பது.

முதல் வழியில் ஆழம் கிடைக்கும், ஆனால் மாதங்கள் கரையும். இரண்டாவது வேகமானது, மாதிரி எப்படி எடுத்தீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் வியர்க்க வேண்டியிருக்கும். மூன்றாவதை நம் ஊரில் யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை. என் கேள்விக்கு அது பொருந்தியிருந்தால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன்.

பதிவுத் தலைப்பில் நிறுவனத்தின் பெயர், ஒரே ஒரு மென்பொருளின் பெயர், "முன்னணி ஐந்து நிறுவனங்கள்" போன்ற சொற்கள் வேண்டாம். அந்த ஐந்தில் ஒன்று கதவை மூடினாலும் தலைப்பை மாற்ற, ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டோரல் கமிட்டியின் ஒப்புதல், படிவம், கட்டணம் என்று அலைய வேண்டும். "தகவல் தொழில்நுட்பச் சேவைத் துறை" என்று பரவலாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லையை உள்ளே, மூன்றாவது அத்தியாயத்தில் வரையலாம்.

3. கேட்காமலே கிடைக்கும் தரவு

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு அறிக்கையைக் கட்டாயமாக வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. திறன் மேம்பாட்டுப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், அதில் ஆண் பெண் எத்தனை, மூன்று ஆண்டுகளில் வெளியேறியவர்களின் விகிதம் என்ன என்பதெல்லாம் அதில் அட்டவணையாகவே இருக்கும். ஹெச்.ஆர். வாசலில் நின்றாலும் கிடைக்காத எண்கள், ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில் கிடக்கின்றன. ஒரு எச்சரிக்கை: "பயிற்சி" என்று எதைக் கணக்கிடுகிறார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 100 சதவீதம் என்று போட்டிருந்தால் அடிக்குறிப்பைப் படியுங்கள்.

இன்ஃபோசிஸும் விப்ரோவும் அமெரிக்கச் சந்தைக்காக 20-எஃப் என்ற ஆண்டறிக்கையும், காக்னிசன்ட் 10-கே என்ற ஆண்டறிக்கையும் தாக்கல் செய்கின்றன. எந்தெந்தத் துறை வாடிக்கையாளர்களிடமிருந்து எவ்வளவு வருமானம், ஆட்குறைவும் தானியங்கி முறையும் என்ன ஆபத்தைக் கொண்டுவரும் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். அட்ரிஷன், அதாவது வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதத்தை ஒப்பிடும்போது மட்டும் கவனம் தேவை. கடந்த 12 மாதத்துக்குச் சொல்வது வேறு, ஒரு காலாண்டை ஆண்டுக்கு விரித்துச் சொல்வது வேறு. தானாக விலகியவர்களை மட்டும் எண்ணுகிறார்களா, எல்லோரையுமா என்பதையும் பாருங்கள்.

அவுட்சோர்சிங்கைப் பார்ப்பவர்களுக்கு அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிடும் எல்.சி.ஏ. கோப்பு ஒரு புதையல். ஹெச்-1பி விசாவுக்கான முதல்கட்ட விண்ணப்பம் அது. நிறுவனம், பதவிப் பெயர், சம்பளம், வேலை செய்யும் ஊர் எல்லாம் இருக்கும். வேறொரு நிறுவனத்தின் இடத்தில் வைத்து வேலை வாங்கினால் அந்த நிறுவனத்தின் பெயருக்கும் கோப்பில் ஒரு நெடுவரிசை உண்டு. ஆனால் ஒரு எல்.சி.ஏ. என்றால் ஒரு ஆள் விமானம் ஏறிவிட்டார் என்று பொருளில்லை. ஒரே விண்ணப்பத்தில் பலர் இருக்கலாம், விசா கிடைக்காமலும் போகலாம்.

திறன்களின் பெயர்ப்பட்டியல் வேண்டுமா? அமெரிக்காவின் ஓ-நெட் தரவுத்தளம் இலவசம். இந்திய வேலைவகைக் குறியீட்டுக்கு என்.சி.ஓ. 2015 இருக்கிறது. மென்பொருள் ஏற்றுமதி பற்றி ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் ஒரு கணக்கெடுப்பு வெளியிடுகிறது. வேலை விளம்பரங்களைத் தொகுத்து, எந்தத் திறன் ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பார்ப்பதும் இந்தத் துறையில் பல பத்தாண்டுகளாக ஏற்கப்பட்ட முறைதான். வேலைவாய்ப்புத் தளத்திலிருந்து நிரல் எழுதி மொத்தமாக உறிஞ்சுவதற்கு முன் மட்டும் அந்தத் தளத்தின் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். பெரும்பாலானவை அதைத் தடை செய்திருக்கும்.

4. நிறுவனத்திடம் அனுமதி வாங்குவது

உள்ளே போய்த்தான் ஆகவேண்டும் என்றால், முதல் மடலை அனுப்பும் முன்பே இவற்றைத் தயாராக வைத்திருங்கள்:

- நீங்கள் அங்கே படிப்பவர்தான் என்று துறைத் தலைவர் கையெழுத்திட்ட போனஃபைட் சான்று, பல்கலைக்கழக லெட்டர்ஹெட்டில். கைடின் கடிதம் மட்டும் போதாது.
- ஒரே பக்கத்தில் ஆய்வுச் சுருக்கம். கோட்பாட்டுப் பெயர்கள் வேண்டாம். என்ன கேட்பீர்கள், எத்தனை பேரை, எத்தனை நிமிடம் என்பது போதும்.
- முழுக் கேள்வித்தாள். "பிறகு அனுப்புகிறேன்" என்றால் அந்த மடல் அங்கேயே நின்றுவிடும்.
- நிறுவனப் பெயரை எங்கும் வெளியிட மாட்டேன் என்ற உறுதிமொழி.
- ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கில்லை என்று பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் ஒப்புதல், கிடைத்திருந்தால். இல்லாவிட்டால் விண்ணப்பித்த ரசீது.

யாரிடம் போவது? ஹெச்.ஆர். பொதுமடலுக்கு அனுப்பினால் கிணற்றில் கல் போட்ட கதைதான். கற்றல், பயிற்சிப் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைப்பில் இயல்பாகவே ஆர்வம் உண்டு, அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு டெலிவரி மேனேஜர் "எனக்கும் இதன் முடிவு வேண்டும்" என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதன் பிறகு கோப்பு ஹெச்.ஆர்., சட்டப் பிரிவு, தகவல் பாதுகாப்புப் பிரிவு என்று மூன்று மேசை ஏறி இறங்கும். "சார், லீகல்ல இருக்கு" என்ற வாக்கியத்தைப் பலமுறை கேட்பீர்கள். எனக்கு ஒரு நிறுவனத்தில் வாய்மொழியாக "சரி" கிடைத்து, அதை நம்பிக் கேள்வித்தாளை அச்சடித்த பிறகு, சம்மதம் சொன்னவரே வேலை மாறிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் முதலிலிருந்து கேட்டார். எழுத்தில் வராத அனுமதியை அனுமதியாகவே கணக்கில் வைக்காதீர்கள்.

மூன்று முதல் ஆறு மாதம் இதற்கென்றே ஒதுக்குங்கள். ஒரே நேரத்தில் நான்கைந்து நிறுவனங்களிடம் கேளுங்கள். ஒன்று பதில் சொன்னபின் அடுத்ததைக் கேட்கலாம் என்று வரிசையில் நின்றால் ஆண்டு ஓடிவிடும். பெரிய நிறுவனங்களைவிட, 200 முதல் 500 பேர் வேலை செய்யும் இடைநிலை நிறுவனங்களில் முடிவெடுப்பவரை நேரில் பார்க்க முடியும். கோயம்புத்தூர், மதுரை, திருச்சி பக்கம் இருக்கும் சிறு நிறுவனங்கள் இதில் இன்னும் தாராளம்.

ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொன்னால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். "வெளியிடும் முன் நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும்" என்று ஒரு வரி இருக்கலாம். அதை அப்படியே விட்டால் உங்கள் ஆய்வேடு அவர்கள் கையில். "30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளப்படும்" என்று சேர்த்துத் தரக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

நண்பர் உள்ளே இருக்கிறார், அவரே உள் மடலில் லிங்கை எல்லோருக்கும் தட்டிவிடுவார் என்ற யோசனையை மட்டும் கைவிடுங்கள். அவருடைய வேலைக்கு வேட்டு வைக்கும் காரியம் அது. கிளையன்ட் பெயர் உள்ள ஆவணம், பயிற்சி டேஷ்போர்டின் ஸ்கிரீன்ஷாட் இவற்றை யாராவது அன்போடு அனுப்பினாலும் வாங்காதீர்கள்.

5. எதிக்ஸ் ஒப்புதல்

"மேனேஜ்மென்ட் ஆய்வுக்கு எதற்கு எதிக்ஸ்?" என்று உங்கள் துறையிலேயே சொல்வார்கள். நல்ல பத்திரிகைகள் கேட்கின்றன, அதுதான் காரணம். தரவு திரட்டிய பிறகு பின்தேதியிட்டு ஒப்புதல் தர எந்த நேர்மையான கமிட்டியும் சம்மதிக்காது. ஆகவே கேள்வித்தாள் முடிந்த உடனே, பைலட் எனப்படும் சிறு முன்னோட்டத்துக்கும் முன்னால், விண்ணப்பித்துவிடுங்கள். ஒன்று இரண்டு மாதம் ஆகலாம். தேவைப்படும் தாள்கள்: ஆய்வுத் திட்டம், தகவல் தாள், ஒப்புதல் படிவம், கேள்வித்தாள், தரவை எங்கே எத்தனை காலம் வைத்திருப்பீர்கள் என்ற குறிப்பு. தமிழில் பேசப்போகும் பி.பி.ஓ. ஊழியர்கள் இருந்தால் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் தமிழிலும் வேண்டும்.

பெயர், மடல் முகவரி, பணியாளர் எண் எதையும் வாங்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்குச் சில விலக்குகள் தருகிறது. வாங்காத தரவுக்கு விலக்கே தேவையில்லை.

6. மாடலும் கேள்வித்தாளும்

தொழில்நுட்ப ஏற்பு என்றதும் எல்லோர் கையும் இரண்டு பெட்டிக்குப் போகும். ஒன்று டேவிஸ் 1989இல் தந்த டெக்னாலஜி அக்செப்டன்ஸ் மாடல்: பயனுள்ளது என்ற எண்ணம், எளிது என்ற எண்ணம். இன்னொன்று வெங்கடேஷும் மற்ற மூவரும் 2003இல் தந்த யூடாட்: செயல்திறன் எதிர்பார்ப்பு, முயற்சி எதிர்பார்ப்பு, சுற்றியிருப்பவர்களின் தாக்கம், வசதிச் சூழல்.

இவற்றை அப்படியே தூக்கி அவுட்சோர்சிங் நிறுவனத்தில் வைத்தால் ஒரு ஓட்டை தெரியும். "இந்தக் கருவியை இனி பயன்படுத்த எனக்கு எண்ணம் உண்டா?" என்று ஒரு சேவை நிறுவன டெவலப்பரைக் கேட்டால் சிரிப்பார். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்பதைக் கிளையன்ட்தான் முடிவு செய்கிறார். செயற்கை நுண்ணறிவு உதவியோடு நிரல் எழுதும் கருவியை ஒரு கிளையன்ட் கட்டாயமாக்குவார், பக்கத்து புராஜெக்டின் கிளையன்ட் அடியோடு தடை செய்திருப்பார். இருவருமே ஒரே தளத்தில், ஒரே நிறுவன அட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். யூடாட்டில் "விருப்பப்பட்டுப் பயன்படுத்துகிறாரா" என்பது மற்றத் தொடர்புகளின் வலிமையை மாற்றும் காரணியாக (மாடரேட்டர்) ஏற்கெனவே இருக்கிறது. நம் ஊர் ஆய்வேடுகளில் முதலில் வெட்டி எறியப்படுவதும் அதுதான். அதை வெட்டாதீர்கள். "இந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தது யார்: கிளையன்ட், நிறுவனம், குழு, நீங்கள்?" என்று ஒரு கேள்வி சேர்த்தாலே உங்கள் ஆய்வு கூட்டத்திலிருந்து தனித்துத் தெரியும்.

கேள்விகளை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் கிடைத்த இன்னொரு ஆய்வேட்டிலிருந்து எடுத்தால், அவர் மாற்றிய சொல்லும் விட்ட கேள்வியும் உங்கள் தலையில் விழும். மூலக் கட்டுரையின் பின்னிணைப்புக்கே போங்கள். கட்டணம் கேட்கும் அளவுகோலா என்றும் பார்த்துவிடுங்கள்.

திறனைப் பற்றிக் கேட்கும்போது "உங்கள் பைதான் திறனை 1 முதல் 5 வரை மதிப்பிடுங்கள்" என்றால் எல்லோரும் 4 போடுவார்கள். "கடந்த 30 நாளில் எத்தனை முறை மற்றவரின் நிரலைத் திருத்தினீர்கள்?", "கிளையன்டோடு நேரடியாகப் பேசும் அழைப்புகள் வாரத்துக்கு எத்தனை?" என்று நடந்ததைக் கேளுங்கள். அனுபவத்தையும் மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: மொத்த ஆண்டுகள், இந்த நிறுவனத்தில், இந்த புராஜெக்டில். ஆன்சைட், அதாவது கிளையன்டின் இடத்துக்கே போய் வேலை செய்திருக்கிறாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை பறிபோகும் பயத்தைத் தொடும் கேள்விகளைக் கடைசியில் வையுங்கள். டி.சி.எஸ். 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்த பிறகு இந்தக் கேள்வியின் வெப்பமே மாறிவிட்டது. "இது ஹெச்.ஆர். வைக்கும் மறைமுகத் தேர்வா?" என்று கேட்டவர்கள் உண்டு. முதல் பக்கத்தில் கைடின் பெயரும் பல்கலைக்கழகத் துறையின் தொடர்பும் இருந்தால் அந்தச் சந்தேகம் குறையும்.

தமிழ் வடிவம் தேவைப்பட்டால் ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தி, அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். வைவாவில் கேட்பார்கள். மொத்தக் கேள்வித்தாள் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. 30 பேரை வைத்து பைலட் செய்யும்போது நேரத்தையும் குறியுங்கள்.

7. எத்தனை பேர் போதும்?

384 என்று ஒரு மந்திர எண் உலவுகிறது. 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை என்ற கணக்கில் வருவது அது. குலுக்கல் முறையில் மாதிரி எடுத்தால்தான் அதற்குப் பொருள். வாட்ஸ்ஆப்பில் தெரிந்தவர்களுக்கு அனுப்பி 384 சேர்த்துவிட்டு அந்த எண்ணைக் காரணம் காட்டினால், தேர்வாளர் நல்ல மனநிலையில் இல்லாத நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் உங்கள் மாடலை வைத்துக் கணக்கிடுங்கள். நடுத்தர விளைவு 0.15, பிழை 0.05, பவர் (இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 0.80 என்று வைத்தால் நான்கு காரணிகளுக்கு 85 பேரும் ஐந்துக்கு 92 பேரும் குறைந்தபட்சம். வயது, அனுபவம் என்று குழுக்களை ஒப்பிடுவதாக இருந்தால் ஒவ்வொரு குழுவுக்கும் போதுமா என்று தனியாகப் பாருங்கள். அரைகுறையாக வந்து கழித்துவிட வேண்டிய பதில்களுக்காக 20 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

8. தரவு திரட்டும் காலம்

நாட்காட்டியை முதலில் விரியுங்கள். மார்ச் நிதியாண்டு முடிவு, அதையொட்டி அப்ரைசல் காலம். அப்போது யாரிடமும் போகாதீர்கள். அப்ரைசல் முடிந்த வாரத்தில் வரும் பதில்களில் கோபமும் கலந்திருக்கும். அமெரிக்கக் கிளையன்ட்கள் விடுப்பில் இருக்கும் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை பல குழுக்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். பொங்கலுக்கு முன் முடித்துவிடுங்கள்.

ஒரு கிளையன்டின் வேலைக்கென்றே ஒதுக்கிய, பாதுகாப்புள்ள ஓ.டி.சி. தளங்களில் கைப்பேசியை வெளியே பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அலுவலகக் கணினியில் கூகுள் ஃபார்ம் திறக்காமலும் போகலாம். ஆகவே மடலில் லிங்க் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. உணவுக்கூடத்தில் க்யூ.ஆர். குறியீடு ஒட்ட அனுமதி கேளுங்கள். டீ நேரத்தில் கையில் கைப்பேசி இருக்கும்.

ஃபார்மில் "ஒருவருக்கு ஒரு பதில்" என்ற வசதியை இயக்கினால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். பெயர் தெரிந்துவிடும் என்று பாதிப் பேர் மூடிவிடுவார்கள். அதை அணைத்துவிட்டு, நடுவில் "இந்தக் கேள்விக்கு 2ஐத் தேர்ந்தெடுக்கவும்" என்று கவனச் சோதனை வையுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனி லிங்க் கொடுத்தால் எங்கிருந்து எத்தனை வந்தது என்று தெரியும். கூப்பன் கொடுப்பதாக இருந்தால் அதற்கான கைப்பேசி எண்ணை வேறொரு ஃபார்மில் வாங்குங்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொரு சாய்வு: புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பவர்கள்தான் சீக்கிரம் பதில் சொல்வார்கள், அவர்களுக்கு நேரம் இருக்கிறது. இரவு ஷிப்டில் இருப்பவர்கள் சொல்லவே மாட்டார்கள். "தற்போது பில்லிங் புராஜெக்டில் இருக்கிறீர்களா?" என்ற ஒரு கேள்வி இதைப் பிடித்துவிடும்.

நேர்காணலும் செய்வதாக இருந்தால் ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஒதுக்குங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த நம் பேச்சில் தானியங்கி எழுத்தாக்கம் தடுமாறுகிறது. அதன் வரைவை வைத்துக்கொண்டு நீங்களே உட்கார்ந்துதான் திருத்த வேண்டும்.

9. மென்பொருள்

சுருக்கமாகச் சொல்கிறேன். புள்ளியியல் மென்பொருள்களான எஸ்.பி.எஸ்.எஸ்.ஸும் ஆமோஸும் கல்லூரி உரிமத்தில் இருந்தால் பயன்படுத்துங்கள், சொந்தக் காசில் வாங்க வேண்டாம். திருட்டுப் பதிப்பு வேண்டவே வேண்டாம். ஆர், ஜமோவி, ஜாஸ்ப் மூன்றும் இலவசம். மாடலைச் சோதிக்க ஆரில் லாவான் தொகுப்பு போதும். ஸ்மார்ட் பி.எல்.எஸ்.ஸின் இலவச மாணவர் பதிப்பில் தரவு வரம்பு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். அளவுகோலின் நம்பகத்தையும் செல்லுபடியையும் பார்க்க, குரோன்பாக் ஆல்ஃபா குறைந்தது 0.7, ஏ.வி.இ. குறைந்தது 0.5, ஹெச்.டி.எம்.டி. 0.85 அல்லது 0.90க்குள் என்ற எல்லைகளை எல்லோரும் சொல்வார்கள். ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கேட்பதால் வரும் பிழைக்கு ஹார்மன் சோதனை மட்டும் போட்டால் இப்போதைய மதிப்பாய்வாளர்கள் ஏற்பதில்லை. தொடர்பில்லாத ஒரு மார்க்கர் கேள்வியைக் கேள்வித்தாளிலேயே சேர்த்துவிடுங்கள், பின்னால் சேர்க்க முடியாது.

10. செலவு

பல்கலைக்கழகக் கட்டணம் போக, கையிலிருந்து போகும் பணம் இவற்றில்தான்: கூப்பன் ஒருவருக்கு 100 ரூபாய் என்றால் 200 பேருக்கு 20,000 ரூபாய். கூப்பன் இல்லாமலும் முடியும், காலம்தான் இரட்டிப்பாகும். நேர்காணல்களுக்கான போக்குவரத்து, காபி, அச்சு, பைண்டிங் ஆகியவற்றுக்கு ஒரு தொகை. எழுத்தாக்கத்தை வெளியே கொடுத்தால் நிமிடக் கணக்கிலும், மொழித் திருத்தத்தைக் கொடுத்தால் சொல் கணக்கிலும் வாங்குவார்கள். இரண்டிலும் முதலில் ஒரு பக்கத்தைக் கொடுத்துத் தரம் பாருங்கள்.

கட்டுரைகளைப் படிக்கக் காசு கொடுக்காதீர்கள். 2025 ஜனவரி முதல் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. தனியார் கல்லூரி என்றால் நூலகரைக் கேளுங்கள், இல்லையேல் ஆசிரியருக்கே மடல் எழுதுங்கள். பலர் அனுப்பிவிடுகிறார்கள்.

"டேட்டா முதல் தீசிஸ் வரை செய்து தருகிறோம்" என்ற விளம்பரங்கள் கல்லூரி வாசல் வரை வந்துவிட்டன. அவர்கள் தரும் தரவில் ஆல்ஃபா எல்லாம் 0.9க்கு மேல் அழகாக இருக்கும். அந்த அழகே காட்டிக்கொடுக்கும்.

11. பத்திரிகையில் வெளியிடுவது

2022 விதிமுறை கட்டுரை வெளியிடுவதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம், அதன் விதியே செல்லும். ஏற்கத்தக்க இதழ்கள் என்று யு.ஜி.சி. வைத்திருந்த கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இன்னமும் "கேர் பட்டியல் இதழ், ஒரு வாரத்தில் வெளியீடு" என்று மடல் அனுப்புபவர்களை நம்பாதீர்கள். ஸ்கோபஸ் பட்டியலையும் கிளாரிவேட் பட்டியலையும் அவற்றின் தளத்திலேயே போய், இதழின் அடையாளமான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை வைத்துப் பாருங்கள். உண்மையான இதழின் பெயரில் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. பெயரைத் தேடி முதலில் வரும் சுட்டியில் கட்டுரையைப் போட்டுவிடாதீர்கள்.

இந்தத் துறையின் உச்சியில் இருப்பது தகவல் முறைமை ஆய்வாளர்களின் சங்கமான ஏ.ஐ.எஸ்.ஸின் மூத்த அறிஞர்கள் பட்டியலில் உள்ள 11 இதழ்கள். எம்.ஐ.எஸ். குவார்ட்டர்லி, இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் ரிசர்ச் எல்லாம் அதில்தான். அங்கே முதல் கட்டுரை போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆஸ்திரேலிய வணிகப் பள்ளித் தலைவர்களின் குழு இதழ்களைத் தரம் பிரிக்கும் ஏ.பி.டி.சி. பட்டியலில் பி, சி தரத்தில் தொடங்குங்கள். சந்தா இதழ்களில் வெளியிடப் பெரும்பாலும் காசு கிடையாது. திறந்த அணுகல் என்றால் ஆயிரம் டாலரைத் தாண்டுவது சகஜம். மதிப்பாய்வு மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கும். எனவே ஆய்வேட்டுக்கு முன் கொடுக்கும் சுருக்கமான சினாப்சிஸுக்குக் குறைந்தது ஒன்றரை ஆண்டு முன்பே முதல் கட்டுரையை அனுப்பிவிடுங்கள்.

12. சமர்ப்பிக்கும் நேரத்தில்

ஆய்வேடு மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒத்திருப்புச் சோதனையில் 10 சதவீதம் வரை சிக்கலில்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்திக் கொடுக்க ஆறு மாதத்துக்கு மிகாத அவகாசம். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. இது யு.ஜி.சி.யின் 2018 விதி. உங்கள் சொந்தக் கட்டுரையிலிருந்து எடுத்த பத்திகளும் சிவப்பில் வரும். வெளியான கட்டுரைகளின் பட்டியலையும் கைடின் சான்றையும் அப்போதே இணைத்துவிடுங்கள்.

சமர்ப்பித்த நாளிலிருந்து வைவா வரை ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. தேர்வாளர் பதில் தாமதமானால் கைடு மூலம் பணிவாக நினைவூட்டலாம்.

ஆய்வேடு ஷோத்கங்காவில் ஏறியதும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஏற்றும் முன் ஒருமுறை நிறுவனப் பெயர், கிளையன்ட் பெயர், கட்டடப் பெயர், "8,000 பேர் வேலை செய்யும் சிறுசேரி வளாகம்" போன்ற அடையாளம் காட்டும் சொற்கள், நன்றியுரையில் வரும் ஹெச்.ஆர். மேலாளரின் பெயர் எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். நன்றியுரையை யாரும் சரிபார்ப்பதில்லை, கசிவது பெரும்பாலும் அங்கிருந்துதான். நிறுவனத்துக்குத் தருவதாகச் சொன்ன இரண்டு பக்கச் சுருக்கத்தையும் அதே வாரத்தில் அனுப்பிவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் அதே கைடிடம் சேர்ந்திருப்பவர் அடுத்த மாதம் அந்த ஹெச்.ஆருக்குத்தான் மடல் எழுதப்போகிறார்.